ரீல் இல்லாத தூண்டில், ஊறவைத்த பெல்லட்: இங்கிலாந்தில் மீன் பிடிக்கப் புதிதாகப் போகிறவர்களுக்கு

முதல் நாள் ஏழு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு மீன்கூட மாட்டவில்லை. குளக்கரையில் பக்கத்து மரமேடையில் இருந்த எழுபது வயதுப் பெரியவர் நிமிடத்துக்கொரு தரம் வலையை நீட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் டப்பாவில் கைவிட்டு ஒரு பெல்லட்டை (மீன்தூளில் செய்த சின்ன இரை உருண்டை) எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. குளத்தில் போட்டார், மிதந்தது. "தம்பி, நீ மீனுக்குச் சாப்பாடு போடவில்லை, வாத்துக்குப் போட்டிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்னார்குடிப் பக்கம் வாய்க்காலில் மூங்கில் கழியும் மண்புழுவுமாக வளர்ந்தவன் நான். வார்விக்‌ஷயருக்கு வேலைக்கு வந்து, இங்கேயும் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் சக்கரம்) இல்லாமல் நீளக் கழியில் பிடிக்கிறார்கள் என்று பார்த்ததும் இது நம்ம ஆட்டம்தானே என்று இறங்கிவிட்டேன். ஒரு வருடம் அடி வாங்கினேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கழியை இங்கே 'போல்' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் ஒவ்வொரு வரியும் உவமை ஆகிவிடும், அதனால் கழி என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் லைசென்ஸ்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நன்னீரில் தூண்டில் போட 13 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் லைசென்ஸ் வேண்டும். தனியார் குளம், காசு கொடுத்து உள்ளே வந்தேன் என்பதெல்லாம் செல்லாது. குளத்துக்குக் கொடுப்பது நுழைவுக் கட்டணம், லைசென்ஸ் அரசுக்குக் கொடுப்பது, இரண்டும் தனித்தனி. இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும். சோதனைக்கு ஆள் வருவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள்.

விசா, பாஸ்போர்ட் எதுவும் வேண்டாம். பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல், காசு கட்ட ஒரு கார்டு, அவ்வளவுதான். அரசின் கவ்.யூகே (gov.uk) தளத்தில் பத்து நிமிட வேலை, லைசென்ஸ் எண் உடனே கைக்கு வந்துவிடும். ஆண்டுக்கு 35 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நாளைக்கு 7 பவுண்டு சொச்சம். 8 நாள் லைசென்ஸும் உண்டு. ஏப்ரலில் விலை மாறும், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆறு தடவை போவீர்கள் என்றால் ஆண்டு லைசென்ஸே லாபம். வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் மாட்டுகிறார்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் சில இடைத்தரகுத் தளங்கள் அதே லைசென்ஸுக்குக் கூடுதலாகக் காசு பிடுங்கும், அரசுத் தளத்துக்கு நேராகப் போங்கள். அடுத்து வகை: 'ட்ரௌட் அண்ட் கோர்ஸ், 2 ராட்' என்பதைத்தான் எடுக்க வேண்டும் (கோர்ஸ் என்றால் சால்மன், ட்ரௌட் தவிர்த்த நன்னீர் மீன்கள், ராட் என்றால் தூண்டில் கழி). சால்மன் வகையைத் தவறாக அழுத்தினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். மூன்றாவது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா "கொஞ்சம் கொடுடா, நானும் பிடிச்சுப் பாக்குறேன்" என்று கழியை வாங்கினால் அவருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஒரு நாள் லைசென்ஸ் அதற்குத்தான். 66 வயதானவர்களுக்கு ஆண்டு லைசென்ஸில் சலுகை உண்டு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம், ஆனாலும் பதிவு செய்ய வேண்டும். 13 வயதுக்குக் கீழே எதுவும் தேவையில்லை.

ஸ்காட்லாந்தில் நடைமுறையே வேறு, இங்கே எழுதியதை அங்கே கொண்டு போகாதீர்கள்.

2. குளத்தைத் தேர்ந்தெடுப்பது

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கோர்ஸ் மீன்களைப் பிடிக்கத் தடை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு விடும் குளங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுதும் திறந்திருக்கும். இவற்றை 'கமர்ஷியல்' என்பார்கள். கரையில் மரமேடை, கார் நிறுத்த இடம், கழிப்பறை, பல இடங்களில் டீக்கடை, குளம் நிறைய மீன். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. வார்விக்‌ஷயரில் டன்னல் பார்ன் ஃபார்ம், வாரிங்டன் பக்கம் பார்ட்ரிட்ஜ் லேக்ஸ், டான்காஸ்டர் பக்கம் லிண்ட்ஹோம் லேக்ஸ், ஆல்டர்ஷாட் அருகே கோல்ட் வேலி என்று ஊர் ஊருக்குப் பெயர் பெற்ற குளங்கள் இருக்கின்றன. ஒரு நாள் டிக்கெட் 8 முதல் 15 பவுண்டுக்குள் இருக்கும். சில இடங்களில் வாசலில் வாங்க வேண்டும், சில இடங்களில் நீங்கள் உட்கார்ந்த பிறகு ஆள் வந்து வாங்கிக்கொள்வார், கையில் சில்லறை இருக்கட்டும்.

போவதற்கு முந்தின நாள் மாலை போன் செய்யுங்கள். சனி ஞாயிறுகளில் போட்டி நடக்கும், குளத்தில் பாதி மூடியிருக்கும். இது தெரியாமல் விடிகாலையில் 40 மைல் ஓட்டிப் போய்த் திரும்பியிருக்கிறேன்.

அதே போனில் விதிகளையும் கேட்டுவிடுங்கள். குளத்துக்குக் குளம் இது மாறும். பல இடங்களில் அவர்கள் விற்கும் பெல்லட்டை மட்டும்தான் இரைக்குத் தூவலாம். முள்ளில் கோர்ப்பதை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவர விடுவார்கள், சில இடங்களில் அதுவும் கூடாது. ஒரு குளத்தில் நான் இரண்டு கிலோ பெல்லட்டை முந்தின இரவே ஊறவைத்துத் தூக்கிக்கொண்டு போய், அப்படியே காரில் வைத்துவிட்டு அவர்களிடம் புதிதாக வாங்கினேன். திரும்பி வரும்போது காருக்குள் கருவாட்டுச் சந்தை. பெல்லட் மீன்தூளில் செய்தது என்பதை மறக்க வேண்டாம்.

பார்ப்லெஸ் முள், அதாவது நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கி இல்லாத முள், ஏறக்குறைய எல்லா இடத்திலும் கட்டாயம். வலையைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி எடுக்கச் சொல்வார்கள், அல்லது அவர்கள் வலையையே கொடுப்பார்கள். கழி எத்தனை மீட்டர் வரை போகலாம் என்றும் வரம்பு வைத்திருப்பார்கள், தொடக்கத்தில் அது உங்களைத் தொடாது.

அப்புறம் நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: வீட்டுக்கு எடுத்துவரலாமா? முடியாது. பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும். குளத்து மீன் குளத்துக்காரருடைய சொத்து, எடுத்துப்போனால் அது திருட்டு, போலீஸ் வரை போகும். குழம்புக்கு வேண்டுமானால் மீன்கடைக்குப் போங்கள்.

3. கழி வாங்குவது

கழி என்பது கார்பன் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியது. நுனிப் பகுதிக்கு 'டாப் கிட்' என்று பெயர். அதன் உள்ளே ரப்பர் நாடா ஒன்று ஓடும், இங்கே எலாஸ்டிக் என்பார்கள். மீன் இழுக்கும்போது எலாஸ்டிக் வெளியே நீளும், ரீலின் வேலையை அதுதான் செய்கிறது. நம்ம மூங்கில் கழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றே.

13 மீட்டர், 16 மீட்டர் கழிகள் ஆயிரக்கணக்கான பவுண்டு வரை போகும். கடையில் ஆசை காட்டுவார்கள், வேண்டாம். மீன் பெரும்பாலும் கரையிலிருந்து 5, 6 மீட்டரிலேயே இருக்கிறது. 8 முதல் 11 மீட்டருக்குள் ஒரு கழி, 150 முதல் 250 பவுண்டுக்குள் புதிதாகவே கிடைக்கும். பழையது பாதி விலைக்கு வரும். பழையது வாங்கினால் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பாருங்கள், பொருத்தும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். டாப் கிட் குறைந்தது மூன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள், ஒன்று இரை போடும் கிண்ணத்துக்கே போய்விடும்.

எலாஸ்டிக்குக்கு நம்பர் உண்டு. சிறிய கார்ப் (கெண்டை இன மீன்), எஃப்1 (கார்ப்பையும் குரூஷியன் என்ற இன்னொரு கெண்டையையும் சேர்த்து உருவாக்கிய கலப்பு மீன்), ப்ரீம் என்ற தட்டையான மீன் இவற்றுக்கு உள்ளீடற்ற 8 அல்லது 10 நம்பர் போதும். தடியானது போட்டால் மீனின் வாயிலிருந்து முள் பிய்த்துக்கொண்டு வரும். ரொம்ப மெல்லியது போட்டால் மீன் பக்கத்து மேடைக்காரரின் நரம்பைச் சுற்றிக்கொண்டு நாணலுக்குள் போய்விடும். மாட்டத் தெரியவில்லை என்றால் கடையிலேயே மாட்டித் தரச் சொல்லுங்கள்.

மற்றவை: கழியைப் பின்னால் தள்ள உருளை (ரோலர்) 25 பவுண்டு, கை வலையும் காம்பும் 30, மீனைக் கிடத்தும் மெத்தை 15, பெல்லட் பம்ப் 10, தயாராகக் கட்டிய நரம்புகள் ஒவ்வொன்றும் 3 பவுண்டுக்குப் பக்கம். உட்காரும் பெட்டி நூறு பவுண்டுக்கு மேல் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் நான் மடக்கு நாற்காலியில்தான் உட்கார்ந்தேன், தொடை தரைக்கு இணையாக இருக்கும் உயரம் இருந்தால் சரி. எல்லாம் சேர்த்து 300 பவுண்டுக்குள் முடிக்கலாம், பழையதாகப் பொறுக்கினால் 200க்குள்.

4. பெல்லட்டை ஊறவைப்பது

நான் ஒரு வருடம் வீணடித்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பையில் பார்த்தால் எல்லாப் பெல்லட்டும் ஒன்றுபோல இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு வகை. தண்ணீரில் தூவி மீனைக் கூட்ட 2 மில்லிமீட்டர் 'மைக்ரோ', இது இறுக்கமானது, மூழ்கும். முள்ளில் கோர்க்க 4 மில்லிமீட்டர் 'எக்ஸ்பாண்டர்'. இதன் உள்ளே காற்று இருக்கிறது, பொரி மாதிரி. அப்படியே போட்டால் மிதக்கும். அந்தக் காற்றை வெளியேற்றித் தண்ணீரை உள்ளே ஏற்றினால்தான் மெத்தென்று ஆகி மெதுவாக மூழ்கும். முதல் நாள் நான் பத்து நிமிடம் தண்ணீர் தெளித்து வைத்தேன், மிதந்தது. அடுத்த முறை கொண்டைக்கடலை மாதிரி இரவெல்லாம் ஊறவைத்தேன். காலையில் கூழ்.

மைக்ரோவுக்கு: டப்பாவில் போட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம், அவ்வளவுதான். உடனே வடித்துவிடுங்கள். மூடிவைத்து 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் மேலே ஒட்டியிருந்த ஈரத்தையும் உறிஞ்சி மென்மையாகியிருக்கும். சல்லடையில் தட்டினால் உதிரியாக வரும். தண்ணீரிலேயே விட்டுவிட்டால் களி.

எக்ஸ்பாண்டருக்குப் பம்ப் வேண்டும். கீழே டப்பா, மேலே பிடியை இழுத்தால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் சாதனம். மூன்றில் ஒரு பங்குக்குப் பெல்லட், அது மறைந்து மேலே இரண்டு அங்குலம் நிற்கும் அளவு தண்ணீர். மூடிவிட்டுப் பிடியை நாலைந்து தரம் இழுங்கள். பெல்லட்டிலிருந்து குமிழ் கிளம்புவது தெரியும். அரை நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டு வால்வை அழுத்திக் காற்றை உள்ளே விடுங்கள். காற்று போன இடத்துக்குத் தண்ணீர் ஏறும், மிதந்தவை கண்ணெதிரே கீழே இறங்கும். பாதி இறங்கவில்லை என்றால் இன்னொரு தரம். பிறகு தண்ணீரை வடித்து, அடியில் கொஞ்சம் மட்டும் விட்டு, 15, 20 நிமிடம் மூடிவையுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, பத்துப் பெல்லட்டைக் குளத்து ஓரத்தில் போடுங்கள். பத்தும் மெதுவாக இறங்க வேண்டும். கையில் எடுத்தால் ஊறிய ஜவ்வரிசி மாதிரி அமுங்க வேண்டும், உடையக் கூடாது. அதிகம் பம்ப் செய்தால் முள்ளில் நிற்காது, போகிற வழியிலேயே விழும். பைக்குப் பை கணக்கு மாறும் என்பதால் நேரத்தை நம்பாமல் இந்தச் சோதனையை நம்புங்கள்.

பம்ப் இல்லாதவர்கள் கொதிநீர் ஊற்றி மூடி ஆறவிடுவதும் உண்டு. நானும் செய்திருக்கிறேன், பாதி சரியாகவும் பாதி கஞ்சியாகவும் வந்தது. பத்து பவுண்டு பம்ப்புக்கு யோசிக்காதீர்கள். டப்பாவில் தயாராக மென்மையாகவே வரும் பெல்லட்டும் உண்டு, குளத்தில் அனுமதி இருந்தால் முதல் நாளுக்கு நல்லதுதான். எதுவானாலும் வெயிலில் திறந்து வைக்காதீர்கள், அரை மணியில் மறுபடி இறுகிவிடும். வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதானால் இரண்டு டப்பாவுக்குள் வையுங்கள். இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

5. நரம்பு, முள், தக்கை

கட்டத் தெரியாவிட்டால் தயாரானதையே வாங்குங்கள். நரம்பு 0.14 மில்லிமீட்டர், முள் கட்டிய கடைசித் துண்டு 0.12, 18 நம்பர் பார்ப்லெஸ் முள், மெல்லிய முனை உள்ள 0.2 கிராம் தக்கை. ஈயக்குண்டுகள் முள்ளுக்கு மேலே இரண்டு அடிக்குள் சின்னச் சின்ன இடைவெளியில் பரவி நிற்கட்டும். கழி நுனிக்கும் தக்கைக்கும் நடுவே இரண்டு அடிக்கு மேல் நரம்பு வேண்டாம், காற்று அதைப் பிடித்து இழுக்கும்.

6. கழியை நீட்டும் முன் தலைக்கு மேலே பாருங்கள்

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். 11 மீட்டர் கார்பன் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மின்கம்பிக்குக் கீழே நிற்பது எப்படி என்று நான் விளக்க வேண்டியதில்லை. கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, அருகே போனாலே பாயும். மேலே மின்கம்பி ஓடும் இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது என்பதுதான் இங்கே விதி. காரிலிருந்து மேடைக்குப் போகும்போதும் கழியைப் பொருத்தித் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், உறையில் வைத்தே கொண்டுபோங்கள். இடி இடித்தால் கழியைக் கீழே வைத்துவிட்டு காருக்குள் போய்விடுங்கள்.

7. ஆழம் பார்ப்பது

இதைச் செய்யாமல் தூண்டிலை விட்டால் அன்றைக்கு வீண். முள்ளில் ஈயத்துண்டு ஒன்றை மாட்டி (பிளம்மெட் என்று கேளுங்கள், ஒரு பவுண்டு) பிடிக்கப்போகும் இடத்தில் அடிவரை இறக்குங்கள். தக்கை முழுதாக முங்கினால் மேலே தள்ளுங்கள், ரொம்ப எழுந்து நின்றால் கீழே இறக்குங்கள். முனை மட்டும் தெரிகிற நிலைதான் சரியான ஆழம். முன்னும் பின்னும் அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள், சரிவாக இருந்தால் அங்கே போடாதீர்கள், தூவியது எல்லாம் உருண்டு ஓடிவிடும். அடி சமமாக இருக்கும் இடம் கிடைக்கும்வரை தேடுங்கள். எனக்கு இருபது நிமிடம் ஆகும்.

கிடைத்ததும் முள்ளை டாப் கிட்டின் அடியில் பிடித்து, தக்கை வரும் இடத்தில் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நரம்பு அறுந்தால் மறுபடி அளக்க வேண்டாம். எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில் போட வேண்டும்.

8. தூவுவது, போடுவது, தூக்குவது

மெத்தென்ற பெல்லட்டை வீசி எறிய முடியாது, காற்றிலேயே கழன்றுவிடும். இந்த இரைக்கும் நீளக் கழிக்கும் பொருத்தம் அமைந்தது அதனால்தான்: எறிவதே இல்லை, கொண்டுபோய் இறக்குகிறோம்.

முள்ளின் நுனியைப் பெல்லட்டின் நடுவில் நுழைத்துத் திருப்பி, நுனி லேசாக வெளியே தெரியும்படி விடுங்கள். கழி நுனியில் மாட்டும் சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மைக்ரோ, பதினைந்து இருபது உருண்டை போதும். கழியை ஆட்டாமல் நீட்டி, குறி வைத்த இடத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேலேயே முள்ளை இறக்குங்கள். நரம்பு தொய்யாமல் இறங்கட்டும்.

கை நிறையப் போடத் தோன்றும். போட்டீர்களோ போச்சு. மீன் கூட்டமாக வந்து நரம்பில் இடித்துக்கொண்டே இருக்கும், தக்கை ஆடும், இழுத்தால் ஒன்றும் இருக்காது, அல்லது முள் செதிலில் மாட்டி வரும். தக்கை ஆடுகிறது, மீன் இல்லை என்றால் இரையைக் குறையுங்கள். குளிர்காலத்தில் இன்னும் குறைவு. ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரை தொடங்க நல்ல காலம்.

எஃப்1 கடிப்பது ரொம்ப மெது. தக்கை முங்கும் என்று காத்திருக்காதீர்கள், முனை அரைக்கால் அங்குலம் இறங்கி நின்றாலே தூக்குங்கள். தூக்குவது என்றால் ஒரு சாண், வெடுக்கென்று இல்லை. தப்பினால் பெல்லட் போயிருக்கும், அதே முள்ளை மறுபடி இறக்காதீர்கள். புதிதாகக் கோர்க்க வேண்டும். இந்தச் சோம்பலால் நான் வெறும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு நாள் வரும்.

9. மாட்டிய பிறகு

பதறாதீர்கள், முதல் ஓட்டத்தை எலாஸ்டிக் பார்த்துக்கொள்ளும். அது அடங்கியதும் கழியை உருளை மேல் நேராகப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்து, டாப் கிட் கைக்கு வந்ததும் கழற்றி மீதியைப் பக்கத்தில் வையுங்கள். இப்போது கையில் இருப்பது மூங்கில் கழி அளவுதான், நமக்குத் தெரிந்த வேலை. மீன் தலையைத் தூக்கியதும் வலையை அதன் கீழே கொண்டுபோங்கள். வலையை வைத்து மீனைத் துரத்தாதீர்கள். பின்னால் தள்ளும் முன் திரும்பிப் பாருங்கள், நடைபாதையில் சைக்கிள் வரும், குழந்தை வரும். ஒருவர் மிதித்து என் கழியில் ஒரு துண்டு போயிற்று. அந்த ஒரு துண்டுக்கு 60 பவுண்டு.

கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், மெத்தையில் கிடத்தி முள்ளை எடுங்கள், புகைப்படம் எடுப்பதானால் மெத்தைக்கு மேலேயே குனிந்து எடுங்கள். தண்ணீருக்குள் இறக்கி விடுங்கள், எறியாதீர்கள்.

10. கிளம்பும்போது

பொருத்தும் இடங்களை ஈரத்துணியால் துடையுங்கள், மணல் ஒட்டியிருந்தால் அடுத்த முறை கழற்ற வராது. வலையையும் மெத்தையையும் நன்றாகக் காயவையுங்கள். ஒரு குளத்து நோயை இன்னொரு குளத்துக்குத் தூக்கிப்போவது ஈரமான வலைதான். மீந்த பெல்லட்டைக் குளத்தில் கொட்டிவிட்டு வராதீர்கள். தின்னாதது அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், பார்த்தால் கத்துவார்கள். பையில் கட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள், அதுவும் குப்பை வண்டி வரும் நாளுக்கு முந்தின இரவு பார்த்து.